தகடு புதிதாகலாம், எண் புதிதாகக் கூடாது



ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கிள்ளானில் ஒரு வீட்டின் பின்புறம், தகரக் கூரையின் கீழே ஒரு மோரிஸ் மைனர் கார் பல ஆண்டுகளாக நிற்கிறது. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா வாங்கிய கார். பேரன் அதற்கு மீண்டும் உயிர் கொடுக்க முனைகிறார். துருவைச் சுரண்டி, தகரம் ஒட்டி, புதுச் சாயமும் அடித்தாயிற்று. என்ஜினும் ஓடுகிறது. ஆனால் பானெட்டைத் திறந்தால், அங்கே இருக்கவேண்டிய சிறு உலோகத் தகட்டைக் காணோம். ஓட்டைகள் மட்டுமே இருக்கின்றன. முன்பு எப்போதோ சாயம் அடித்தவர் கழற்றி வைத்திருக்கலாம். வைத்த இடம் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு துண்டுத் தகடுதானே, வாங்கி ஒட்டிவிட்டால் போகிறது என்று தோன்றும். எழுத்து பொறிக்காத வெற்றுத் தகடுகள் இணையத்தில் விற்பனைக்கும் கிடைக்கின்றன. ஆனால் இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

தகடு என்ன சொல்கிறது?

அந்தத் தகடு காரின் பிறப்புப் பத்திரம் போன்றது. மோரிஸ் மைனர் தகட்டில் 'எம்ஏ2எஸ்5' என்று இருந்தால், 'எம்' மோரிஸைக் குறிக்கும். 'ஏ' என்பது என்ஜின் வகை. '2எஸ்' என்றால் இரண்டு கதவு சலூன். '5' என்றால் 1098 சிசி என்ஜின் வந்த வரிசை. அதற்கு முந்திய 948 சிசி காருக்கு '3'. அதன் பின்னரே காரின் தொடர் எண் வரும்.

வோல்க்ஸ்வாகன் பீட்டல் காரில் தகடு முன்பக்கச் சாமான் அறையில் இருக்கும். அதே எண் பின்னிருக்கையின் கீழே, சட்டகத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். எண் '117' என்று தொடங்கினால், அந்த '7' என்பது 1967ஆம் ஆண்டு மாடல் என்பதைச் சொல்லும்.

நம் நாட்டுக் கார்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1967இல் ஷா ஆலாமில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. பீட்டல் கார்களும் இங்கே பொருத்தப்பட்டன. அப்படிப்பட்ட காருக்கு ஐரோப்பாவில் அச்சான தகட்டை வாங்கி மாட்டினால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சொல்வது பொய்யாகிவிடும். ஷா ஆலாமில் பிறந்த பிள்ளைக்குச் சுவீடனில் பிறந்ததாகச் சான்று எழுதலாமா?

தேடும் வழி

முதலில் கெரானைப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அதில் இருக்கும். கெரானும் இல்லையென்றால், பழைய சாலை வரி வில்லை, காப்புறுதித் தாள், பழுதுபார்த்த ரசீது ஆகியவற்றைத் தேடுங்கள். குடும்பப் படங்களும் உதவும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் காருடன் நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதில் பதிவு எண் தெரியலாம். 'பி' என்றால் சிலாங்கூர் பதிவு. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகுதான் 'டபள்யூ' வந்தது. பதிவு எண் தெரிந்தால், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரிக்க வழி பிறக்கும்.

அடுத்து, காரின் இரும்பையே கேளுங்கள். எண் அடித்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. சாயத்தை மருந்து தடவி மெல்ல நீக்கி, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மங்கிய எண்ணும் தெரிய வரும்.

இங்கிலாந்தின் கேய்டன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் மோரிஸ், ஆஸ்டின் போன்ற கார்களின் ஆலைப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. கார் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் உள்ள விவரங்களுடன் சான்றிதழ் கிடைக்கும். கெரான், இரும்பு, பதிவேடு மூன்றும் ஒன்றையே சொன்னால், தகடு செய்யத் துணியலாம்.

செய்யும் முறை

பழைய ஓட்டைகளின் இடைவெளியை அளந்தால் தகட்டின் அளவு பிடிபடும். அதே ஆண்டு, அதே வகைக் காரின் தகட்டை நேராகப் படம் எடுத்து, எழுத்து வடிவத்தை வரைந்துகொள்ள வேண்டும். மூலத்தகடு எந்த உலோகமோ அதிலேயே, எழுத்துகளை மறைத்து, மற்ற இடத்தை மருந்தில் அரிக்க விடுவார்கள். பள்ளத்தில் சாயம் நிரப்பி மேற்பரப்பைத் தேய்த்தால் எழுத்து எடுப்பாக நிற்கும். எண்ணை மட்டும் அச்சடிக்கக் கூடாது. ஒவ்வொரு இலக்கத்தையும் அச்சுளி வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கினால் தவறில்லை. ஆலையிலும் மனிதக் கைதான் தட்டியது.

எல்லை எது?

நேயர்களே, தகட்டை மீண்டும் செய்வது மராமத்து. சட்டகத்தில் உள்ள எண்ணைத் திருத்துவது குற்றம். திருடிய காருக்கு வேறொரு காரின் எண்ணைக் கொடுத்து விற்கும் 'குளோன் கார்' கும்பல்கள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. ஏமாந்து வாங்கியவர் காரையும் இழக்கிறார், பணத்தையும் இழக்கிறார். ஆகவே சட்டகத்து எண் துருவில் அழிந்திருந்தால் நாமே தட்டக்கூடாது. ஜேபிஜே அனுமதி பெற வேண்டும். பிறப்புப் பத்திரம் தொலைந்தால் வேண்டிய தேதியைப் போட்டு நாமே அச்சடிப்போமா? பதிவகத்துக்குத்தானே போவோம்? பத்திரம் இல்லாமல் அலைவதன் வேதனை நம் சமுதாயத்துக்குப் புதிதல்லவே.

அரசர்கள் கொடுத்த செப்பேடுகளிலும் போலி உண்டு. பிற்காலத்தில் நிலத்துக்காகப் பழைய அரசர் பெயரில் வெட்டியவை அவை. செப்பு உண்மைதான்; சொன்ன சேதி பொய். இன்று ஆய்வாளர்கள் அவற்றைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கிள்ளான் பேரன் என்ன செய்யலாம்? உறுதியான எண்ணைத் தட்டட்டும். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடட்டும். தகட்டின் பின்புறம், இது மறுபடி செய்தது என்று ஆண்டோடு பொறிக்கட்டும். கழற்றிப் பார்ப்பவருக்கு அது தெரியும். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் தாத்தாவின் கார் தாத்தாவின் காராகவே இருக்கும்.