வேலைநிறுத்தக்காரர் கட்டிய குளம்

கோடை விடுமுறை நெருங்குகிறது. ஸ்காபரோவிலும் பிராம்ப்டனிலும் எத்தனையோ வீடுகளில் இப்போது "இந்த வருசமாவது றொக்கி மலைப்பக்கம் போவமா?" என்ற கதை தொடங்கியிருக்கும். லூயிஸ் ஏரி, மொறெயின் ஏரி பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அந்த நிறம் உங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது சுடுதண்ணியைப் பற்றி.

நானும் என் கணவரும் கல்கரியில் கார் வாடகைக்கு எடுத்து, பான்ஃப், கூட்னி, யோஹோ, ஜாஸ்பர் என்று நாலு மலைப் பூங்காக்களையும் சுற்றி வந்தோம். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போன நீண்ட பயணம் அதுதான். இவர் கார் ஓட, நான் பக்கத்தில் இருந்து வழி சொல்ல, பின் சீற்றில் குளிர்ப்பெட்டி. அதற்குள் இடியப்பமும் சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும். கல்கரியிலேயே ஒரு சிநேகிதி வீட்டில் சமைத்து எடுத்துக்கொண்டு போனது.

கனடாவில் தேசியப் பூங்கா என்ற ஒன்று வந்ததே இந்தச் சுடுதண்ணியால்தான், தெரியுமோ? 1883ஆம் ஆண்டு கனடியன் பசிபிக் ரயில் பாதையில் வேலை செய்த மூன்று பேர், பான்ஃப் பக்கத்தில் ஒரு மலையடிவாரக் குகைக்குள் வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். எனக்கு உனக்கு என்று உரிமைச் சண்டை எழும்பியதும், 1885இல் அரசாங்கம் அந்த ஊற்றைச் சுற்றி 26 சதுர கிலோமீற்றர் நிலத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. இரண்டு வருசத்தில் அது நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாகிவிட்டது. அந்த மூன்று பேரும் ஊற்றைக் "கண்டுபிடித்தார்கள்" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஸ்டோனி நகோடா மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த தண்ணீர் அது. பூங்கா வந்த பிறகு அதே மக்கள் அங்கே வேட்டையாடக்கூடாது என்று வெளியே தள்ளப்பட்டார்கள். இதையும் தெரிந்துகொண்டு அந்தக் குகைக்குள் போங்கோ.

அந்தக் குகையில் இப்போது குளிக்க முடியாது, தண்ணியில் கை வைக்கவும் கூடாது. ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத ஒரு நத்தை அங்கே வாழ்கிறது. பான்ஃப் ஊற்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. நம் கையில் பூசியிருக்கிற கிறீமும் பூச்சிமருந்தும் பட்டாலே அதற்கு ஆபத்து. நான் கம்பியில் சாய்ந்து குனிந்து தேடினேன். தண்ணியின் ஓரத்தில், பாசிக்கு மேலே, கறுப்புப் புள்ளியாக ஒன்று மெல்ல நகர்ந்தது.

குளிக்க வேண்டுமென்றால் அதே மலையில் இன்னும் மேலே போகவேண்டும். அங்கே, கடல் மட்டத்திலிருந்து 1,585 மீற்றர் உயரத்தில், ஒரு பொதுக் குளம் இருக்கிறது. சனம் அதிகம், ஆனால் நல்ல குளம். அதற்குப் பிறகு கூட்னி பூங்கா வழியாக றேடியம் என்ற ஊருக்கு இறங்கினோம். பெயரைக் கேட்டுப் பயப்படாதேயுங்கோ, அந்தத் தண்ணியில் இருக்கிற கதிரியக்கம் மிகமிகச் சொற்பம். கந்தக மணமும் இல்லை. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே குளம், ஊருக்குள் போனால் வளைந்த கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் தெருவோரத்தில் புல் மேய்கின்றன.

இந்தத் தண்ணி எப்படிச் சுடுகிறது என்று இவர் கேட்டார். எரிமலை ஒன்றும் இல்லை. மழைத்தண்ணியும் உருகிய பனியும் பாறை வெடிப்புகளுக்குள்ளால் கிலோமீற்றர் கணக்கில் கீழே இறங்கி, பூமியின் உள்சூட்டில் சூடேறி, இன்னொரு வெடிப்பால் திரும்பி மேலே வருகிறது. எங்கள் திருகோணமலைக் கன்னியாவிலும் அப்படித்தான். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சின்ன வயதில் அம்மா வாளியால் அள்ளி ஊற்ற ஊற்ற நாங்கள் கத்துவோம். அங்கே ஊற்றிக் குளிக்கிறது, இங்கே இறங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மூன்றாவது குளம், ஜாஸ்பர் பூங்காவில் இருக்கிற மியெட்.

லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பருக்கு 232 கிலோமீற்றர். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. பனியாறுகளைப் பற்றி நான் பேசவில்லை, நீங்கள் பார்த்து வியக்கத்தானே போகிறீர்கள். அந்த வீதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1931இல், பெருமந்தக் காலத்தில், வேலையில்லாத ஆண்களைக் கொண்டு அரசாங்கம் அதை வெட்டத் தொடங்கியது. பெரும்பகுதி கைவேலை, குதிரை வேலை. 1940இல்தான் திறந்தது. இவர் இருபது வருசத்துக்கு மேலாக வீடு கட்டும் வேலையில் இருக்கிறவர், இடுப்பும் தோளும் எப்போதும் நோவு. மலையைக் குடைந்து வளைத்த ஒவ்வொரு வளைவிலும், "இதை மண்வெட்டியாலயோ வெட்டினவங்கள்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

ஜாஸ்பர் நகரை அண்டும்போது இரண்டு பக்கமும் கரிந்த மரங்கள். 2024 யூலையில் வந்த காட்டுத்தீ நகரத்துக் கட்டடங்களில் மூன்றிலொரு பங்கை எரித்துவிட்டது. கறுத்த அடிமரங்களுக்குக் கீழே ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. நாங்கள் அங்கே ஒரு சின்னக் கடையில் கோப்பியும் பாணும் வாங்கினோம். போகிறவர்கள் அந்த ஊரில் கட்டாயம் ஏதாவது வாங்குங்கோ.

அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் போனால் பொக்கஹொன்ரஸ். இப்போது அங்கே பற்றைக்குள் மறைந்த சுவர்களும் அத்திவாரங்களும்தான். நூறு வருசத்துக்கு முன்னால் அது நிலக்கரிச் சுரங்க ஊர். வினிபெக்கில் பெரிய பொது வேலைநிறுத்தம் நடந்த 1919ஆம் ஆண்டு, மேற்குக் கனடாவின் கரிச் சுரங்கங்களிலும் வேலைநிறுத்தம். பொக்கஹொன்ரஸ் ஆட்களும் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். சம்பளம் இல்லை, நாட்கள் நீளுகின்றன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? மலைக்குள்ளே இருந்த மியெட் வெந்நீர் ஊற்றடிக்குப் போய், தாங்களே ஒரு குளம் கட்டினார்கள். நல்ல வீதி வராத காலம் அது.

வருசம் முழுக்க வெளிச்சம் படாமல் குனிந்து கரி வெட்டுகிற மனிதர்கள். முதுகு நோவும் நெஞ்சுக்குள் கரித்தூசும். ஒருவனுக்கும் கூலி தராத வேலையைத் தங்கள் உடம்புக்காகவும் தங்கள் ஆட்களின் உடம்புக்காகவும் செய்திருக்கிறார்கள். அந்தக் குளத்தில் அவர்கள் முதன்முதலாக இறங்கிய நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். இரண்டு வருசத்தில், 1921இல், சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ஊர் கலைந்துபோயிற்று. பிறகு 1930களில் அரசாங்கம் ஊற்றடியில் பெரிய கொங்கிரீற் குளியல்மனை கட்டியது. இப்போது நாங்கள் குளிக்கிற குளம் 1986இல் வந்தது.

மியெட் தண்ணி ஊற்றில் 54 பாகை. கனடிய றொக்கி மலைகளிலேயே அதிகச் சூடு அதற்குத்தான். 40 பாகைக்கு ஆற்றித்தான் குளத்தில் விடுகிறார்கள். இவர் கழுத்தளவு தண்ணியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து, "வேலையை நிப்பாட்டிப்போட்டு நிண்ட சனம் கட்டினதோ?" என்றார். உடனே எழும்பி, "வா, பழைய இடத்தைப் பாப்பம்" என்று துவாயை எடுத்துவிட்டார்.

குளத்துக்குப் பின்னால் ஓடைக்கரையால் நடந்தால் அந்தக் கொங்கிரீற் கட்டடத்தின் மிச்சம் நிற்கிறது. கூரை இல்லை. இவர் சுவரில் கையை வைத்து, கொங்கிரீற் உதிர்ந்து உள்ளே கல் தெரிகிற இடங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். இன்னும் மேலே போனால் ஊற்றுக்கண். கல்லெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் படிவு பிடித்து, அதற்கு மேலால் ஆவி பறக்கத் தண்ணி வழிகிறது. கந்தக மணம் மூக்கில் ஏறும்.

குளித்துவிட்டு வந்த பசி இருக்கிறதே! வாங்கு மேசையில் இடியப்பத்தையும் சம்பலையும் வைத்துச் சாப்பிட்டதுபோல் நான் எந்த உணவகத்திலும் சாப்பிட்டதில்லை. ஆனால் கவனம், சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டு ஒரு நிமிசம்கூட அப்பால் போகாதேயுங்கோ. மிச்சத்தைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கோ. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்லவேண்டி வருகிறது.

பான்ஃப், றேடியம், மியெட் மூன்றிலும் எது நல்லது என்று கேட்டால், நான் யோசிக்காமல் மியெட் என்பேன். அது கோடைக்கு மட்டும் திறக்கிற குளம், பனிக்காலத்தில் வீதியே மூடியிருக்கும். புறப்படுவதற்கு முன் பார்க்ஸ் கனடாவின் அறிவித்தலைப் பாருங்கோ. லூயிஸ் ஏரியிலேயே பெற்றோலை நிரப்புங்கோ, இடைவழியில் சஸ்காச்சுவான் றிவர் குறொசிங்கை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. போனால் குளித்தோம் என்று திரும்பிவிடாமல், ஓடைக்கரையால் ஏறி அந்தப் பழைய சுவரையும் ஊற்றுக்கண்ணையும் பார்த்துவிட்டு வாங்கோ.