தட்டில் எழுந்தருளிய அரசர்

தட்டு என்றதும் உணவுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் உணவு படைப்பதற்கென்று அல்லாமல், சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட தட்டுகளும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குயவர்கள் செய்த அரசர் உருவத் தட்டுகள் அவ்வகையின. அவற்றில் ஒன்றை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பொருள் கொள்வது என்பதே இன்றைய பேச்சு.

தட்டின் குறுக்களவு ஏறத்தாழ 13 அங்குலம். விளிம்பைச் சுற்றிலும் சாய்வான நீலக் கோடுகள். நடுவிலே முடி தரித்த அரசர் நீண்ட அங்கியுடன் நிற்கிறார். இருபுறமும் மரங்கள், காலடியில் பச்சைத் தரை. தலைக்கு இருபக்கமும் சில எழுத்துகள்.

முதலில் அமைப்பைக் கவனியுங்கள். வட்டத்திற்குள் மனித உருவத்தை நிறுத்தினால் இரு பக்கமும் வெற்றிடம் விழும். அதை மரங்கள் நிரப்புகின்றன. விளிம்பின் நீலக் கோடுகள் படத்துக்குச் சட்டம் போல் அமைகின்றன. நம் கண் எங்கும் அலையாமல் நடுவிலுள்ள முடியில் போய் நிற்கிறது.

அடுத்து முகத்தைப் பாருங்கள். இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு, அவ்வளவுதான். ஓவியனுக்குத் திறமை இல்லையா? அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. சுட்ட களிமண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த மெருகு பூசுவார்கள். அந்த மெருகே தட்டுக்குச் சீனப் பீங்கானைப் போன்ற வெண்மையைத் தருவது. மெருகு உலர்ந்ததும், சூளையில் வைக்குமுன், அதன் மேல் வண்ணம் தீட்ட வேண்டும். தூரிகை பட்டவுடனே வண்ணத்தை அது உறிஞ்சிவிடும். அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஆகவே கை விரைந்து ஓடவேண்டும். மரத்தின் இலைகளைக்கூடக் கடற்பஞ்சினால் ஒற்றி எடுத்தார்கள்.

அப்படியானால் இவர் எந்த அரசர்? அதைச் சொல்பவை அந்த எழுத்துகளே. 'சி, ஆர்' என்றால் சார்லஸ் அரசர். 'டபிள்யூ, எம், ஆர்' என்றால் 1689-இல் சேர்ந்து முடிசூடிய வில்லியமும் மேரியும். அங்கியும் முடியும் ஏறக்குறைய ஒன்றே. எழுத்து மாறினால் அரசர் மாறிவிடுவார்! குயவர் தீட்டியது ஒரு மனிதரின் சாயலை அன்று. அரச பதவியின் சாயலை.

இது வேடிக்கை போல் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1649-இல் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது, முடியாட்சி ஒழிந்தது. 1660-இல் அவர் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார். ஒருவர் ஆயுட்காலத்திற்குள் இத்தனை மாற்றங்கள்! அத்தகைய நாட்டில் வீட்டுச் சுவரில் எந்த எழுத்துள்ள தட்டு தொங்குகிறது என்பது சிறிய செய்தியன்று. நான் இன்னார் பக்கம் என்று வருவோர் போவோர்க்கெல்லாம் அது அறிவித்தது. இத்தகைய தட்டுகள் பலவற்றின் அடிவளையத்தில், கயிறு கோத்து மாட்டத் துளை இட்டிருப்பதையும் காணலாம்.

இனி மரங்களுக்கு வருவோம். 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், பாஸ்கோபல் என்னுமிடத்தில் ஒரு கருவாலி மரத்தில் ஒளிந்து உயிர் தப்பினார். அதன்பின் கருவாலி அரசரைக் காத்த மரமாயிற்று. ஸ்டாஃபர்ட்ஷயரைச் சேர்ந்த தாமஸ் டாஃப்ட் என்னும் குயவர் செய்த ஒரு தட்டில், கருவாலிக் கிளைகளுக்கிடையே அரசர் முகம் தெரிகிறது. இருபுறமும் அரச சின்னமாகிய சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நின்று காக்கின்றன. அங்கே மரத்தின் பொருளில் ஐயமில்லை.

அதற்காக, காணும் மரத்தையெல்லாம் கருவாலி என்று சாதிக்கலாமா? கூடாது. நாம் பார்த்த நீலக்கோட்டுத் தட்டுகளின் வகையிலேயே ஆதாமும் ஏவாளும் நிற்கும் தட்டுகளும் உண்டு. அங்கேயும் இதே பஞ்சு ஒற்றிய இலைகள்! ஆகவே மரம் வெற்றிடத்தை நிரப்ப வந்ததா, கதை சொல்ல வந்ததா என்பதை எழுத்து, முடி, விலங்கு ஆகிய மற்றக் குறிகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் துணிய வேண்டும்.

நேயர்களே, அருங்காட்சியகத்தில் இத்தகைய தட்டைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கண் முதலில் எங்கே செல்கிறது? எந்தக் குறியை மாற்றினால் பொருள் மாறும்? இதை வீட்டில் மாட்டியவர் யாருக்கு என்ன சொல்ல விரும்பினார்? அரண்மனை ஓவியங்கள் அரசர் தம்மை எப்படிக் காட்டிக்கொண்டார் என்பதைச் சொல்லும். இந்த மண் தட்டுகளோ, குடிமக்கள் தம் அரசரை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்கின்றன.