நீர் காப்பார்க்கு வரி நீக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் வரியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று முகஞ் சுளிக்காதீர்கள். வரி என்னும் சொல் எந்நாளும் செவிக்கு இனித்ததில்லை. ஆயினும் நான் பேசப் புகுவது அரசு வாங்கும் வரியைப் பற்றியன்று. விட்டுக்கொடுக்கும் வரியைப் பற்றி.

சூரியநெல்லியில் வாழும் நமக்கு ஒரு புதிர் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இம்மலையை நனைத்துச் செல்கின்றன. காலடியில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கடல்போல் விரிந்து, பன்னியாற்றின் நீரை மின்னாற்றலுக்காகச் சேர்த்து வைக்கிறது. இருந்தும் மாசியும் பங்குனியும் வந்தால் லயத்துக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறது. குடம் ஏந்தி ஊற்றுக்கு நடப்பவர் யார் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலச் செடிகள் வாடிக் கருகியதையும் கண்டோம். மழையில்லா ஊரில் தண்ணீர் வற்றினால் வானத்தைக் குறை கூறலாம். மழை கொட்டும் ஊரில் வற்றினால் யாரைக் கூறுவது?

நீரைக் காப்பவனுக்கு இறை விலக்குவது நம் முன்னோர் அறிந்த முறையே. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுக்கள் ஏரிப்பட்டி என்னும் நிலத்தைக் குறிக்கின்றன. அதன் விளைவு ஏரியின் பராமரிப்புக்கே உரியது. உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றன. தெலுங்கு நாட்டிலும் மைசூர்ப் பகுதியிலும் தசபந்தம் என்றொரு மானியம் இருந்தது. தன் பொருளால் குளம் வெட்டியவனுக்கு நிலமோ, வருவாயில் ஒரு பங்கோ விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் குளத்தை அவன் செப்பமாக வைத்திருக்க வேண்டும். சலுகைக்கும் கடமைக்கும் இடையே முடிச்சுப் போட்டிருந்தார்கள் பாருங்கள், அந்த முடிச்சைத்தான் இன்று நாம் தேட வேண்டியிருக்கிறது.

இக்காலத்தில் நகரங்கள் அவ்வழியை மீண்டும் கையாண்டன. மழைநீர் சேகரிப்போர்க்கு இந்தூர் மாநகராட்சி சொத்து வரியில் 6 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. புனேயிலும் அத்தகைய ஏற்பாடு வந்தது. தமிழ்நாடோ 2003இல் சலுகையை நாடாமல், எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. கேரளமும் 2004இல் புதுக் கட்டடங்களுக்கு அவ்வாறே விதி செய்தது.

இவற்றை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பயன் உண்டா? சிறிது கணக்குப் பார்ப்போம். நகரத்தில் வரி வீட்டின்மேல். இங்கே நீர் நிற்பதோ நிலத்தில். கேரளத்தில் 2025இல் உயர்த்திய பின்னும், 8.1 ஆருக்கு மேற்பட்ட நிலத்துக்குக் கிராமப் பஞ்சாயத்தில் நிலவரி ஆருக்கு 12 ரூபாய். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 40 ஆர். ஆண்டு வரி 486 ரூபாய் ஆகும். அதில் 6 விழுக்காடு 29 ரூபாய்! இருபத்தொன்பது ரூபாய்க்காக எவர் மண்வெட்டி எடுப்பார்? படுதாக்குளம் வெட்டுவோர்க்கு ஒரு நாள் ஆட்கூலிக்கும் அது காணாது.

ஆகவே வரியைக் குறைப்பதைவிடக் கையில் கொடுப்பதே சிறப்பு எனக் கருதுகிறேன். அதற்கும் இம்மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. நெல்வயல் நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் என்பதை உணர்ந்து, வயலை மூடாமல் காக்கும் உடைமையாளர்க்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் ராயல்டி என்று 2020இல் கேரள அரசு தொடங்கிற்று. வயலுக்குக் கிடைத்த மதிப்பு, மலையுச்சிச் சோலைக்கும் ஊற்றுக்கும் சதுப்புக்கும் ஏன் கிடைக்கவில்லை? கீழே வயலுக்கு வரும் நீர் இங்கிருந்துதானே இறங்குகிறது!

இனி, சற்றுக் கசப்பான செய்திக்கு வருகிறேன். 2018இல் தோட்டத் தொழிலைக் காக்க வேண்டித் தோட்ட வரியை நீக்குவதாக அரசு அறிவித்தது. தொழிலாளர் லயங்களுக்குக் கட்டட வரி விலக்கும் அறிவித்தது. தொழில் நலிந்தால் நம் அடுப்பும் அணையும். எனவே அதை நான் குறை கூறேன். ஆனால் விட்ட வரிக்கு ஈடாக, ‘ஊற்றைக் காத்திடுக, லயத்துக்குக் கோடையிலும் நீர் வருமாறு தொட்டி கட்டுக’ என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கலாமன்றோ? தசபந்தம் தந்த பழங்காலத்தார் அதை மறக்கவில்லை. நிலம் உடையவர்க்கே சலுகை என்றால், தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தும் ஒரு சென்ட் நிலமில்லாத நம் மக்களுக்கு அதில் என்ன பங்கு? அவர்கள் பங்கு தண்ணீராகவாவது வரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சலுகை வருகிறதென்று செங்குத்துச் சரிவுகளில் மழைக்குழிகளை வெட்டிவிடலாகாது. நீர் ஊறிப் பெருத்த மண் நழுவும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களை விழுங்கிய மண்சரிவை அடுத்த மலையில் இருந்த நாம் மறக்க முடியுமா? எங்கே தேக்கலாம், எங்கே வடியவிட வேண்டும் என்பதை மண் காப்புத் துறையினர் வந்து பார்த்துக் குறித்துத் தந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

சின்னக்கானல் பஞ்சாயத்தின் கிராமசபை கூடும்போது நம் சங்கத்தார் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம். ஒன்று, பஞ்சாயத்து எல்லையிலுள்ள ஊற்றுக்களையும் ஓடைகளையும் கணக்கெடுத்து, அவை யார் நிலத்தில் உள்ளன என்று பதிவு செய்தல். மற்றொன்று, அவற்றைக் காப்பவர்க்கு வயலுக்குத் தருவதுபோல் தொகை தருமாறும், அத்தொகையை லயத்து நீருடன் பிணைக்குமாறும் அரசுக்குப் பரிந்துரைத்தல். மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தர நான் அணியமாயிருக்கிறேன். கையெழுத்திடத் தாய்மார்கள் முதலில் வரவேண்டும். எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பதை அவர்களே அறிவார்கள்.