திரை சொல்லட்டும், தெரு கேட்கட்டும்!

(கோச்சடைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் பகுதி)



2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில், காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பசித்த வயிறு நிறைந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மாலையிலே பள்ளி வாயிலில் வாங்குவதென்ன? எண்ணெயும் உப்பும் ஊறிய பொட்டலம்! வாங்கத் தூண்டியது யார்? கைப்பேசித் திரை!

மாரடைப்பு முதுமையில் வரலாம். இரத்தக் குழாயிலே கொழுப்புப் படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. நோயின் விதை அங்கே எனில், அறிவின் விதையும் அங்கேதானே விழவேண்டும்?

2019 முதல் கல்வித் தொலைக்காட்சி உண்டு. 2023 முதல் மணற்கேணிச் செயலி உண்டு. கணக்கைக் கற்பிக்கும் திரை, இதயத்தையும் கற்பிக்கட்டும்! பெரியவர்க்கே நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள். பிள்ளைக்கு அதனினும் குறைவு. ஓடியாட 60 நிமிடம் — உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இது.

ஆயினும், திரை சொல்வதைத் தெரு மறுத்தால் பயனென்ன? பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டம் விற்கலாகாது என்கிறது 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. ஏட்டிலே இருக்கிறது, தெருவிலே இருக்கிறதா?

பெட்டிக்கடைக்காரர் நமக்குப் பகைவரல்லர். சுண்டலும் கொய்யாவும் விற்கச் சொல்வோம். நாமே முதலில் வாங்குவோம். நாளைக் காலை, உங்கள் தெருப் பள்ளியின் வாயிலில் நின்று 50 மீட்டரை அளந்து பாருங்கள், தோழர்களே!