கலம் வனையும் கைகள்



தமிழில் 'கலம்' என்ற சொல்லுக்குப் பொருள் பல. உண்ணும் பாத்திரமும் கலம். கடலில் செல்லும் மரக்கலமும் கலம். அணியும் ஆபரணமும் கலம். நம் நாட்டுப் பாடநூல்கள் உயிரின் மிகச் சிறிய அலகுக்கும் இப்பெயரையே சூட்டின. தமிழகத்தார் அதனைச் செல் என்பர், உயிரணு என்பர். நம்மவர் தேர்ந்த சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை, உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வியின் பின்னரே உணர்ந்தேன். "சேர், பானையை வனையக் குயவன் இருக்கிறான். இந்தக் கலத்தை வனைவது ஆர்?" என்றான் அவன். தமிழாசிரியனாகிய எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கலத்தைப் போர்த்திருப்பது மென்சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு படையாக அணிவகுத்து அமைந்த போர்வை அது. அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை 2 இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு! இத்துணை மெல்லியதாயினும், தானாக அது இறுக வளைந்து கொடுப்பதில்லை. ஆனால் வளையாமல் கலம் வாழவும் முடியாது. வெளியேயுள்ள உணவை உள்ளே எடுக்க வேண்டுமாயின், மென்சவ்வு குழிந்து, குழி ஆழ்ந்து, கழுத்துச் சுருங்கி, ஈற்றில் ஒரு சிறு பையாக அறுபட்டு உட்செல்ல வேண்டும். அப்பையைப் புடகம் என்பர்.

இந்தக் குழிகளை 1964ஆம் ஆண்டில் தெளிவாக விவரித்தவர்கள் தோமஸ் றொத், கீத் போட்டர் என்னும் அமெரிக்க அறிஞர்கள். அவர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தது எதனை என்று நினைக்கிறீர்கள்? ஒரு நுளம்பின் முட்டையை! டெங்குக் காய்ச்சலைப் பரப்புகின்றதே, அதே இன நுளம்புதான். இரத்தம் குடித்த நுளம்பின் முட்டைக் கலம் கருவூண் புரதத்தை உள்வாங்கும்போது, மென்சவ்வில் எண்ணற்ற குழிகள் தோன்றின. ஒவ்வொரு குழியின் உட்புறத்திலும் மயிர்க்கூச்செறிந்தாற்போல ஓர் உறை காணப்பட்டது.

அந்த உறை எதனாலானது? கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பார்பரா பியேர்ஸ் என்ற பெண்மணி, பன்றி மூளையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, 1976இல் 'கிளத்திரின்' என்று பெயரிட்டார். அது ஒரு புரதம். ஒவ்வொரு கிளத்திரின் அலகுக்கும் மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும் முழங்கால் போன்றதொரு மடிப்பு. இவை ஒன்றன் காலோடு ஒன்று காலைப் பின்னிக்கொள்ளும். நமது பெண்கள் பனையோலையில் பாயும் இழைப்பார்கள், கடகமும் இழைப்பார்கள் அல்லவா? அவ்வாறேதான் இதுவும். அறுகோணங்களாக மட்டும் பின்னினால் பின்னல் தட்டையாகக் கிடக்கும், அது பாய். இடையிடையே ஐங்கோணங்கள் சேர்ந்தால் வளைந்தெழும், அது கடகம். 12 ஐங்கோணங்கள் சேருமிடத்து அது முற்றாக மூடிய கூண்டாகிவிடும்.

கிளத்திரின் தனியே இதனைச் செய்வதில்லை. எப்சின் என்ற புரதம் மென்சவ்வின் ஒரு படையினுள் மட்டும் தன் பகுதியொன்றை ஆப்புப் போலச் செருகுகிறது. அந்தப் பக்கம் அகல, மென்சவ்வு வளைகிறது. வாழைப்பழம் போல வளைந்த வேறொரு புரதக் குடும்பமும் உண்டு. அவற்றின் உட்குழிந்த பக்கம் நேரேற்றம் உடையது. மென்சவ்வின் மேற்பரப்போ மறையேற்றம் உடையது. ஆகவே மென்சவ்வு அவ்வளைவோடு ஒட்டிக்கொள்கிறது. கழுத்தை அறுப்பது டைனமின். அது சுருளாகக் கழுத்தைச் சுற்றி இறுக்கும். முதலில் தட்டையாகப் பின்னிப் பின்னர் வளைகிறதா, பின்னும்போதே வளைகிறதா என்ற வாதம் ஆய்வாளரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இவற்றில் ஒன்று பிழைத்தால் என்னாகும்? டைனமின் பழுதுபட்ட பழ ஈக்கள் சில உண்டு. வெப்பநிலை 30 பாகை செல்சியசை அண்டினால் அவை அசைவற்று விழுந்துவிடும். குளிர்ந்தால் எழுந்து பறக்கும். சூட்டில் அந்த டைனமின் செயலிழப்பதால், நரம்பு முனைகளிலே புடகங்கள் அறுபடாமல் கழுத்தோடு தொங்கி நிற்பதே காரணம்.

மனிதரின் கதை இதனிலும் துயரமானது. பிறப்பிலேயே இரத்தத்தில் கொலஸ்திரோல் மிகுந்து, சிறு வயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் குழந்தைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டலஸ் நகரில் மைக்கல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்ரைன் என்ற மருத்துவர்கள் இந்நோயை ஆராய்ந்தனர். கொலஸ்திரோலைப் பற்றிப் பிடிக்கும் வாங்கி என்னும் புரதம், கிளத்திரின் குழிகளிலே வந்து கூட வேண்டும். ஒரு நோயாளியின் கலங்களிலோ குழிகள் ஒழுங்காக இருந்தன. வாங்கிகளும் கொலஸ்திரோலைப் பிடித்தன. ஆனால் அவை குழிகளில் வந்து சேரவில்லை. காரணம் என்ன? அந்த வாங்கி 839 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 807ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.

வனைதல், வளைதல் என்னும் இரு சொற்களையும் பாருங்கள், ஓரெழுத்துத்தான் வேறுபாடு. ஓரெழுத்துப் பிழையைப் பொருட்படுத்தாத மாணவர்க்கு இப்போதெல்லாம் நான் இந்த வாங்கியின் கதையைச் சொல்வதுண்டு. அவ்விரு மருத்துவர்களும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று நம்மிற் பலர் இரவில் விழுங்கும் 'ஸ்ரற்றின்' வகைக் குளிசை, ஈரற் கலங்களில் இவ்வாங்கிகளைப் பெருக்கியே கொலஸ்திரோலைக் குறைக்கிறது என்பது விளங்கியதும் அவர்களின் ஆய்வினால்தான்.

அந்த மாணவனுக்கு நான் பிறகு சொன்ன விடை இதுதான்: "தம்பி, இங்கே தனியொரு குயவன் இல்லை. மடிந்த கால்களும் வளைந்த முதுகும் உடைய சின்னஞ்சிறு புரதங்கள் பல கூடி, ஒன்றையொன்று பற்றி, இக்கலத்தை வனைகின்றன." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப, அந்தப் புரதங்களை வனைவது ஆர், சேர்?" என்றான். மீண்டும் நூலகத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.