பிளாஸ்டிக் நோட்டு வந்தால் கள்ள நோட்டு ஒழியுமா?



காகிதப் பணத்தைப் பிளாஸ்டிக்கிற்கு மாற்றிவிட்டால் கள்ள நோட்டு ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது எவ்வளவு தூரம் சரி?

இதில் வழிகாட்டிய நாடு ஆஸ்திரேலியா. 1966 பிப்ரவரியில் அங்கே டாலர் அறிமுகமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 டாலர் கள்ள நோட்டுகள் புழக்கத்திற்கு வந்துவிட்டன. ரிசர்வ் வங்கி விஞ்ஞானிகளின் உதவியை நாடியது. ஏறக்குறைய 20 ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு, 1988ல் பாலிமர் எனும் பிளாஸ்டிக்கால் ஆன 10 டாலர் நோட்டு வெளிவந்தது. 1996க்குள் எல்லா நோட்டுகளும் பிளாஸ்டிக்காயின.

இந்த நோட்டில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பகுதி ஒன்று உண்டு. நகல் இயந்திரத்தில் காகிதத்தை வைத்து அதை எடுக்க முடியாது. பருத்தி இழையால் ஆன காகித நோட்டு வியர்வையிலும் ஈரத்திலும் நைந்துபோகும். பிளாஸ்டிக் நீண்ட காலம் உழைக்கும்.

மலேசியாவில் 5 ரிங்கிட் 2004லும், 1 ரிங்கிட் 2012லும் பிளாஸ்டிக்கிற்கு மாறின. 10, 20, 50, 100 ரிங்கிட் இன்றும் காகிதமே. சிங்கப்பூரிலும் 2, 5, 10 வெள்ளி பிளாஸ்டிக். 50, 100 வெள்ளி காகிதம். ஓயாமல் கைமாறும் சிறு நோட்டுகள் சீக்கிரம் கிழியும் என்பதால், அவற்றை மாற்றியதில் சிக்கனம் உண்டு. ஆனால், கள்ள நோட்டு அடிப்பவன் கண் வைப்பது பெரும்பாலும் பெரிய நோட்டின் மேல்தான்.

பிளாஸ்டிக்கையும் விட்டுவைக்கவில்லை போலிக்காரர்கள். 2016 முதல் 2020 வரை ஆஸ்திரேலியா மேலும் பாதுகாப்பான புதிய நோட்டுகளை வெளியிட்டது. காப்பான் பெரிதா, கள்ளன் பெரிதா என்ற போட்டி ஓய்வதில்லை.

இதில் நட்டப்படுபவர் யார்? காலையிலிருந்து நாசி லெமாக் விற்று, ஒரு 50 ரிங்கிட் கள்ள நோட்டில் அன்றைய லாபத்தை இழக்கும் சிறு வியாபாரிதான். வங்கி அதற்கு ஈடு தராது. போனது போகட்டும் என்று அதை அடுத்தவர் தலையில் கட்டினாலோ, தெரிந்தே கொடுத்த குற்றத்திற்குத் தண்டனைச் சட்டத்தின் 489பி பிரிவு காத்திருக்கிறது. போலீசில் ஒப்படைப்பதே முறை.

தொட்டுப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சாய்த்துப் பாருங்கள் என்கிறது பேங்க் நெகாரா. கல்லாவில் போடுமுன் இதற்குச் சில விநாடி போதும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், 50 ரிங்கிட்டை நீட்டுபவர் தெரிந்தவரே ஆனாலும், அந்தச் சில விநாடியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.