கடல்நீரும் படகு இயந்திரமும்



பொழுது புலர்ந்த பின்னும் கரை திரும்பாத படகொன்றை எண்ணி ஒரு குடும்பம் படும் துயரைக் கடற்கரையூர்களில் வாழ்வோர் அறிவர். காற்றும் மழையும் நம் ஆணைக்கு அடங்கா. ஆயின், இயந்திரம் வெப்பமேறி நடுக்கடலில் நின்றுபோவதைப் பெரும்பாலும் நாம் தடுத்துக்கொள்ளலாம். அதனைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றேன்.

இலங்கையில் 1958ஆம் ஆண்டளவில் 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் தொழிலுக்கு வரத் தொடங்கின. படகின் உள்ளே பொருத்தப்படும் டீசல் இயந்திரங்களுட் சில, கடல்நீரையே நேரே தம்முட் செலுத்தி வெப்பத்தைத் தணித்துக்கொள்வன. படகின் அடியிலுள்ள வால்வு வழியாக நீர் புகுகின்றது. வடியிலே குப்பை தங்குகின்றது. பம்பி அந்நீரை இயந்திரத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்குத் தள்ளுகின்றது. வெப்பத்தை ஏற்ற நீர் புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது.

அமைப்பு எளிது, ஆனால் கடல்நீர் எளியதன்று. அதன் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் மிகச் சூடேறினால் அவற்றுட் சில சுண்ணப் படிவாக உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். படிவு தடித்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் மிகுந்தால் படிவு மேலும் தடிக்கும். இதனாலேயே இவ்வகை இயந்திரங்களை ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் ஓடும்படி அமைக்கின்றனர். அவ்வெல்லையைக் காக்கும் தேமோஸ்டாற் என்னும் கருவியைத் தொல்லையென்று கழற்றியெறிவது தவறு. அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த இயந்திரத்தில் எரிபொருள் முற்றாக எரியாது, கரி படியும், உறுப்புகள் தேயும்.

உப்புநீர் உலோகத்தையும் அரிக்கின்றது. 1824ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி, செப்புத் தகடு போர்த்த கப்பல்களில் நாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால், அவை தாம் அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று கண்டார். இன்று இயந்திரத்தினுள் வைக்கப்படும் நாகத் துண்டின் பணியும் அதுவே. அது பாதி கரைந்ததும் புதியதை இடுதல் வேண்டும். அதன்மீது வர்ணம் பூசலாகாது.

பம்பியினுள்ளே இறப்பர் இதழ்களைக் கொண்ட சிறு சக்கரம் ஒன்று சுழல்கின்றது. நீரின்றிச் சுழன்றால் அது சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஆண்டுக்கொரு முறையேனும் அதனை மாற்றுக. இதழ் ஒன்று உடைந்திருப்பின் அத்துண்டைத் தேடி எடுத்துவிடுக. இல்லையேல் அதுவே நீர்வழியை அடைத்துவிடும்.

தொழில் முடிந்து நெடுநாள் கட்டிவைக்கும் படகாயின், பம்பியின் உறிஞ்சு குழாயை நன்னீர் நிறைந்த வாளியில் இட்டு, நீர் குறையாது ஊற்றிக்கொண்டே இயந்திரத்தை மெதுவாக ஓடவிடலாம். நின்றுள்ள இயந்திரத்துக்குள் குழாய்நீரை அழுத்தத்தோடு செலுத்துதல் ஆகாது. அந்நீர் புகைக்குழாய் வழியே சிலிண்டருக்குள் ஏறிவிடக்கூடும்.

புறப்படும் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு நீரும் வருகின்றதா? வந்தால் நன்று. நீர் குறைந்தாலோ வெப்பம் ஏறினாலோ இயந்திரத்தை நிறுத்தி, இயலுமாயின் நங்கூரம் இடுங்கள். வால்வை மூடியபின் வடியைத் திறந்து, சாதாழையோ பொலித்தீன் துண்டோ அடைத்துள்ளதா என்று பாருங்கள். மூடிய வால்வை மீண்டும் திறக்க மறவாதீர்கள். சூடேறிய இரும்பின்மேல் குளிர்நீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு உண்டாகும்.

மாற்றுச் சக்கரம் ஒன்றும், அதைப் பூட்டும் கருவிகளும் படகிலே இருக்கட்டும். அவற்றின் விலை ஒருநாட் பிடிப்பின் சிறு பங்கே. அவை காப்பதோ கரையிலே காத்திருப்போரின் வாழ்வு.